வலிக்கிற கையோடு பந்து வீசாதீங்க தம்பி!

ஞாயிற்றுக்கிழமை காலை ஜலகண்டாபுரம் பக்கம் போனால், அறுவடை முடிந்த ஏதாவது ஒரு காட்டில் டென்னிஸ் பால் டோர்னமென்ட் நடந்துகொண்டிருக்கும். காலையில் ஒரு மேட்ச், ஜெயித்தால் மதியம் ஒன்று, அதிலும் ஜெயித்தால் சாயங்காலம் ஃபைனல். ஒவ்வொரு டீமிலும் நிஜமாகவே வேகமாக வீசத் தெரிந்தவர் ஒருவரோ இருவரோதான். மூன்று மேட்சிலும் அவர்கள்தான் வீச வேண்டும். வீசாத நேரத்தில் பவுண்டரியில் நின்று, கீப்பர் கைக்குப் பந்தை விட்டெறிய வேண்டியதும் அவர்களேதான்.

மூன்றாவது மேட்சில் அந்தப் பையன் ஓவருக்கு நடுவே முழங்கையைத் தடவிக்கொள்வான். "ஒண்ணும் இல்ல மாப்ள, கடைசி ஓவர்தானே, போட்டுரு" என்பார்கள். அவனும் போட்டுவிடுவான். திங்கட்கிழமை காலையில் அதே கை தறி ஓட்டப் போகும், அல்லது கல்லூரிக்கு பைக் ஓட்டிக்கொண்டு போகும். இரவில் சாப்பாட்டை வாய்க்குக் கொண்டுபோகும்போதுதான் சுருக்கென்று வலிக்கும். அம்மா தைலம் போட்டு உருவிவிடுவார். அடுத்த ஞாயிறு மறுபடியும் டோர்னமென்ட்.

இந்த வட்டாரத்துப் பையன்களுக்குக் கிரிக்கெட் வெறும் பொழுதுபோக்கு இல்லை. பக்கத்துச் சின்னப்பம்பட்டியில் தறிக்கூலிக்குப் போன ஒருவரின் மகன் இந்திய அணியின் சட்டையைப் போட்டதைக் கண்ணால் பார்த்தவர்கள் இவர்கள். அந்த நடராஜனின் கதையில் யார்க்கர் எவ்வளவு முக்கியமோ, முழங்கையும் அவ்வளவு முக்கியம்.

இரண்டு முறை சோதித்த முழங்கை

சாலையோரம் அம்மா நடத்திய சிறிய சிக்கன் கடை, அப்பாவின் தினக்கூலி என்று வளர்ந்தவர் நடராஜன். 20 வயது வரை டென்னிஸ் பந்துதான். ஊர்க்காரரான ஜெயபிரகாஷ் கைப்பிடித்துச் சென்னைக்கு அழைத்துவந்த பிறகுதான் லீக் கிரிக்கெட். 2015 ஜனவரியில் தமிழகத்துக்காக ரஞ்சி கோப்பையில் அறிமுகமானார். அந்தச் சந்தோஷம் அடங்குவதற்குள், பந்துவீச்சு முறை சந்தேகத்துக்குரியது என்று புகார் வந்தது.

பந்து வீசும்போது மடங்கிய முழங்கை 15 டிகிரிக்கு மேல் நிமிரக் கூடாது என்பது ஐ.சி.சி. விதி. முன்னாள் தமிழகச் சுழற்பந்து வீச்சாளர் சுனில் சுப்பிரமணியம் உள்ளிட்டோரின் உதவியோடு வீசும் முறையைத் திருத்திக்கொண்டு திரும்பி வந்தார் நடராஜன். 2016 டி.என்.பி.எல். போட்டியில், திண்டுக்கல் அணிக்காக ஒரு சூப்பர் ஓவரில் ஆறு பந்தையும் யார்க்கராக இறக்கினார். அடிப்படை விலை 10 லட்சமாக இருந்தவரை 2017 ஐ.பி.எல். ஏலத்தில் பஞ்சாப் அணி 3 கோடிக்கு எடுத்தது.

அந்த சீசனில் 6 ஆட்டங்கள், 2 விக்கெட். அதன் பிறகு முழங்கைக் காயம், அறுவை சிகிச்சை. 2018 ஏலத்தில் ஹைதராபாத் அவரை 40 லட்சத்துக்கு வாங்கியது. அந்த ஆண்டும் 2019-லும் ஐ.பி.எல்-லில் ஓர் ஆட்டத்தில்கூட அவர் இறங்கவில்லை. டி.வி-யில் அவரைத் தேடிய ஊர், 'அவ்வளவுதான் போல' என்று நினைத்திருந்தால் தப்பில்லை.

2020-ல் வந்த நடராஜன் வேறு ஆள். 16 ஆட்டங்களில் 16 விக்கெட். எலிமினேட்டரில் ஏ.பி.டிவில்லியர்ஸின் ஸ்டம்பைப் பெயர்த்த யார்க்கரை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். நெட் பவுலராக ஆஸ்திரேலியாவுக்குப் போனவர், டிசம்பர் 2-ம் தேதி கான்பெராவில் ஒருநாள் போட்டி, 4-ம் தேதி டி20, 2021 ஜனவரி 15-ம் தேதி பிரிஸ்பேனில் டெஸ்ட் என மூன்றிலும் அறிமுகமானார். ஒரே சுற்றுப்பயணத்தில் மூன்று வகை ஆட்டங்களிலும் அறிமுகமான முதல் இந்தியர் அவர்தான்.

காயத்துக்கும் கான்பெராவுக்கும் நடுவில் மூன்று ஆண்டுகள். இளம் பந்துவீச்சாளர்கள் ஞாபகத்தில் வைக்க வேண்டிய கணக்கு இதுதான்.

முழங்கைக்குள் என்ன நடக்கிறது?

கதவின் கீல் மாதிரி மடங்கி விரிவது முழங்கை மூட்டு. மேற்கை எலும்பையும் முன்கை எலும்புகளையும் இருபுறமும் லிகமென்ட் எனப்படும் உறுதியான நார்கள் இழுத்துப் பிடித்திருக்கின்றன. உட்புறம், அதாவது விலாவை ஒட்டிய பக்கத்தில் இருக்கும் நார்தான், எறியும்போது அதிகமாக இழுபடுவது.

பேஸ்பாலில் பந்தை எறிபவரை பிட்சர் என்பார்கள். அவர் கையை மடக்கிப் பின்னால் கொண்டுபோய், சாட்டை மாதிரிச் சுண்டி எறிகிறார். ஒவ்வொரு எறியிலும் அந்த உட்புற நார் அதன் எல்லை வரை இழுபடும். ஈட்டி எறிபவருக்கும் இதே கதைதான். பவுண்டரியிலிருந்து பந்தை விட்டெறியும் நம் ஃபீல்டரும் செய்வது அதையேதான்.

கிரிக்கெட்டில் பந்து வீசும்போது கை ஏறக்குறைய நேராக இருப்பதால் அந்த நாருக்கு அழுத்தம் குறைவு. ஆனால் கை வேகமாக நிமிரும்போது முழங்கையின் பின்புறத்தில் எலும்போடு எலும்பு மோதும். பல்லாயிரம் முறை மோதினால் அங்கே எலும்பு முள் போல வளரலாம், சிறு துண்டுகள் உடைந்து மூட்டுக்குள் சுற்றலாம். இங்கிலாந்தின் ஜோஃப்ரா ஆர்ச்சருக்கு 2021 மே மாதம் முழங்கையிலிருந்து எலும்புத் துண்டு அகற்றப்பட்டது. அதே டிசம்பரில் இன்னொரு அறுவை சிகிச்சை. அவர் மறுபடி சர்வதேசப் போட்டியில் வீசியது 2023 ஜனவரியில்.

நூற்றில் ஒன்று என்றார் டாக்டர்

முழங்கை நார் அறுந்தால் ஆட்டம் முடிந்தது என்றுதான் 1974 வரை எல்லாரும் நம்பினார்கள். அந்த ஆண்டு லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ் அணியின் இடது கை பிட்சர் டாமி ஜானுக்கு நார் அறுந்தது. டாக்டர் ஃபிராங்க் ஜோப், அவருடைய வலது கையிலிருந்து ஒரு தசைநாணை எடுத்து, இடது முழங்கை எலும்புகளில் துளை போட்டுக் கோத்துக் கட்டினார். கயிற்றுக் கட்டில் கோக்கிற மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். பழையபடி ஆட வாய்ப்பு நூற்றில் ஒன்று என்றார் டாக்டர்.

1975 முழுவதும் ஓய்வும் பயிற்சியும். 1976-ல் திரும்பினார் டாமி ஜான். 1989 வரை ஆடினார். மொத்தம் வென்ற 288 ஆட்டங்களில் 164, அந்த அறுவை சிகிச்சைக்குப் பிறகு வென்றவை. சிகிச்சைக்கே அவர் பெயர் நிலைத்துவிட்டது.

இன்று நிலைமை எவ்வளவோ மேல். அமெரிக்க மருத்துவர்கள் 2010-ல் வெளியிட்ட பெரிய ஆய்வு ஒன்றில், இந்தச் சிகிச்சைக்குப் பின் குறைந்தது இரண்டு ஆண்டுகள் கவனிக்கப்பட்ட 743 பேரில் 83 சதவிகிதம் பேர் பழைய நிலைக்கோ அதற்கு மேலோ திரும்பியிருந்தார்கள். பந்தை மெதுவாக எறிய ஆரம்பிக்கவே சராசரியாக நான்கரை மாதம், முழு ஆட்டத்துக்குத் திரும்பக் கிட்டத்தட்ட ஒரு வருடம் ஆனது. கல்லூரியில் ஆடுகிற பையனுக்கு ஒரு வருடம் என்றால் மூன்றில் ஒரு பங்கு.

இதைக் கேட்டு, 'ஆபரேஷன் செய்தால் சரியாகிவிடும்' என்று அலட்சியமாக இருக்கவும் முடியாது. ஜப்பானின் ஷோஹெய் ஓட்டானி 2018-ல் இந்தச் சிகிச்சை செய்துகொண்டு உலகின் தலைசிறந்த வீரரானார். 2023-ல் அதே முழங்கையில் மறுபடி காயம், மறுபடி அறுவை சிகிச்சை. மீண்டும் பிட்சராக இறங்கியது 2025 ஜூனில்தான். 2008-ல் லக்னோவில் ஈட்டி எறிந்துகொண்டிருந்த ரிங்கு சிங், ஒரு டி.வி. போட்டியில் வென்று அமெரிக்கா போய்த் தொழில்முறை பிட்சரானார். 2012-க்குப் பிறகு காயங்கள் அவரைக் களத்தில் இறங்கவே விடவில்லை. கடைசியில் மல்யுத்த மேடைக்குப் போனார். எல்லாருக்கும் பழைய கை திரும்பக் கிடைப்பதில்லை.

நம்மிடமே நல்ல உதாரணம் உண்டு. நீரஜ் சோப்ரா 2019 மே மாதம் வலது முழங்கையில் அறுவை சிகிச்சை செய்துகொண்டார். அந்த ஆண்டு உலக சாம்பியன்ஷிப்பை விட்டுக்கொடுத்தார். 2020 ஜனவரியில் தென்னாப்பிரிக்காவில் 87.86 மீட்டர் எறிந்து ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்றார். 2021 ஆகஸ்ட் 7, டோக்கியோவில் தங்கம். ஒரு பெரிய போட்டியை விட்டுக்கொடுத்த பொறுமைக்கும் அந்தத் தங்கத்தில் பங்கு உண்டு.

எண்ணி வீசணும்

காயம் ஏன் வருகிறது என்பதற்கு ஆய்வுகள் சொல்லும் பதில் எளிமையானது: அளவுக்கு மீறி, களைத்த கையோடு எறிவது. அமெரிக்காவில் பதின்வயது பிட்சர்களிடம் நடத்தி 2006-ல் வெளியான ஆய்வில், கை களைத்த பிறகும் வழக்கமாக எறிந்தவர்களுக்கு அறுவை சிகிச்சை வரை போகும் காயத்தின் வாய்ப்பு 36 மடங்கு அதிகமாக இருந்தது. வருடத்தில் எட்டு மாதத்துக்கு மேல் ஆடியவர்களுக்கு 5 மடங்கு.

அதனால்தான் அங்கே வயதுக்கு ஏற்ப எண்ணிக்கை வகுத்திருக்கிறார்கள். 9, 10 வயதுக்கு ஒரு நாளில் 75 எறிகள், 15, 16 வயதுக்கு 95, கல்லூரி வயதான 19 முதல் 22 வரை 120. அதிகம் எறிந்தால் அடுத்த நாலைந்து நாள் கைக்கு முழு ஓய்வு. இங்கிலாந்திலும் இளம் வேகப்பந்து வீச்சாளர்களுக்கு ஓவர் கணக்கு உண்டு.

ஊர் டோர்னமென்ட்டில் யார் எண்ணுகிறார்கள்? ஸ்கோர் எழுதும் பையனே இதையும் எழுதலாம். மூன்று மேட்சில் வீசிய பந்துகள், வார்ம்-அப்பில் போட்டவை, பவுண்டரியிலிருந்து எறிந்தவை எல்லாம் சேர்த்தால்தான் உண்மையான கணக்கு வரும். டென்னிஸ் பந்து இலேசானது, கைக்கு வேலை குறைவு என்று நினைக்க வேண்டாம். அதில் வேகம் காட்டக் கையை முழு வீச்சில்தான் சுழற்ற வேண்டியிருக்கிறது.

எப்போது டாக்டரிடம் போகணும்?

* முழங்கையின் உட்புறமோ பின்புறமோ, ஒவ்வொரு முறை எறியும்போதும் ஒரே இடத்தில் வலித்தால்.
* மோதிர விரலும் சுண்டு விரலும் மரத்துப்போனால். அந்த விரல்களுக்கான நரம்பு முழங்கையை ஒட்டித்தான் போகிறது.
* கையை முழுதாக நீட்டவோ மடக்கவோ முடியாமல் பாதியில் சிக்கிக்கொண்டால்.
* எறியும்போது 'டப்' என்று சத்தம் கேட்டு, அதன்பின் வீங்கினால். அன்றைக்கே ஆட்டத்தை நிறுத்திவிட வேண்டும்.

வீங்கிய மூட்டில் அழுத்தி உருவிவிடுவதும், என்னவென்று பார்க்காமலே கட்டுப் போடுவதும் கெடுதலாக முடியலாம். ஐஸை துணியில் சுற்றி ஒற்றடம் கொடுத்து, கைக்கு ஓய்வு கொடுங்கள். சேலம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலேயே எலும்பு சிகிச்சைப் பிரிவு இருக்கிறது. எக்ஸ்ரேயில் எலும்பு தெரியும், நாரைப் பார்க்க எம்.ஆர்.ஐ. தேவைப்படலாம். எல்லாக் காயத்துக்கும் கத்தி தேவையில்லை. நார் பாதி கிழிந்திருந்தால், சில வாரங்களோ மாதங்களோ எறிவதை நிறுத்தி, பிசியோதெரபி செய்தே பலர் தேறிவிடுகிறார்கள். வலி போனதும் நேராக மேட்சுக்குப் போகாமல், கொஞ்ச தூரம், கொஞ்ச எண்ணிக்கை என்று படிப்படியாகக் கூட்ட வேண்டும். மாத்திரை போட்டு வலியை மறைத்துக்கொண்டு வீசுவதுதான் இருப்பதிலேயே மோசம்.

பெற்றோருக்கும் ஒரு வேலை இருக்கிறது. "விளையாடப் போனா இப்படித்தான்" என்று திட்டினால், பையன் அடுத்த முறை வலியைச் சொல்லவே மாட்டான். சொல்லாத வலிதான் முற்றிப்போகிறது.

நடராஜன் இப்போது சின்னப்பம்பட்டியிலேயே ஒரு கிரிக்கெட் மைதானம் கட்டியிருக்கிறார். 2023 ஜூனில் தினேஷ் கார்த்திக் அதைத் திறந்துவைத்தார். 2025 சீசனுக்கான ஏலத்தில் டெல்லி அணி நடராஜனை 10.75 கோடிக்கு எடுத்தது. 40 லட்சத்துக்குப் போய், இரண்டு சீசன் உட்கார்ந்தே இருந்த அதே கைதான் அது.

தறி ஓட்டுவதற்கும் பேனா பிடிப்பதற்கும் வேண்டியது இதே முழங்கைதான். "கடைசி ஓவர்தானே, போட்டுரு" என்று அடுத்த ஞாயிறு யாராவது சொன்னால், வலிக்கிற பையன் பந்தைக் கேப்டன் கையில் கொடுத்துவிடட்டும். அந்த மேட்ச் தோற்றால் போகட்டும். அதற்கடுத்த ஞாயிறும் டோர்னமென்ட் இருக்கும்.