மலையேறும் விலைப்பட்டியல்

நேபாளத்து இமயமலையில் நடந்துவிட்டு வந்தவர்களிடம் பேச்சுக் கொடுத்துப் பார்த்தால், சிகரங்களின் அழகை இரண்டு வாக்கியங்களில் முடித்துக்கொண்டு, மேலே போகப் போக ஒரு குவளை வெந்நீருக்குக்கூடக் கூசாமல் காசு கேட்கிறார்கள் என்ற குறையை விஸ்தாரமாகச் சொல்லுகிறவர்களே அதிகம் என்பது தெரியவரும். எவரெஸ்டுக்குத் தெற்கே கும்பு பிரதேசத்தில் விடுதிக்கு விடுதி நடந்து திரும்பிய எனக்கும் அந்த விலைப்பட்டியலைப் பற்றித்தான் எழுதத் தோன்றுகிறது. ஆனால் என் வழக்கு விடுதிக்காரர்களின் பக்கம்.

இந்த விடுதி முறை மேல்நாட்டுப் பிரயாணிகளுக்காக ஏற்பட்டதென்று பலரும் எண்ணுகிறார்கள். திபேத்து உப்பும் தெற்கத்தித் தானியமும் காளி கண்டகி ஆற்றங்கரையோரமாகக் கைமாறிக்கொண்டிருந்த காலத்திலேயே, சரக்கு மிருகங்களை ஓட்டி வந்த வியாபாரிகளுக்கும், நம் வைணவர்கள் சாளக்கிராமம் என்று போற்றும் முக்திநாத்துக்குப் போன யாத்திரிகர்களுக்கும், தக்காலி இனத்துப் பெண்கள் ‘பட்டி’ என்ற சிறு விடுதிகளை வைத்து நடத்தி வந்தார்கள். அங்கே காசு சாப்பாட்டுக்குத்தான். சாப்பிட்டவனுக்குப் படுக்க இடம் சும்மா கிடைத்தது. இன்றைக்கும் கும்புவின் சாதாரண விடுதிகளில் அறை வாடகை சொற்பமாகவும், அறை எடுத்தவன் இராச் சாப்பாட்டையும் காலை ஆகாரத்தையும் அங்கேயே முடித்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனை கண்டிப்பாகவும் இருப்பது அந்தப் பழைய சம்பிரதாயத்தின் தொடர்ச்சியேயாகும். மலிவான அறையை எடுத்துக்கொண்டு, பக்கத்து விடுதியில் போய்ச் சாப்பிட்டு வருவதைச் சாமர்த்தியம் என்று கருதுகிறவர், தாம் உடைப்பது எவ்வளவு பழைய ஒப்பந்தம் என்பதை அறியமாட்டார்.

விலை ஏறும் கதைக்கு வருவோம். எட்மண்ட் ஹில்லாரியின் முயற்சியால் 1964-இல் அமைந்த லுக்லா விமான நிலையம் 2,845 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அதற்கு மேலே மோட்டார் சாலை கிடையாது. நாம்சே பஜார் 3,440 மீட்டர், திங்போச்சே 4,410 மீட்டர், கடைசி விடுதிகள் இருக்கும் கோரக் ஷெப் 5,164 மீட்டர் என்று வழி உயர்ந்துகொண்டே போகையில், அரிசியும், முட்டையும், எரிவாயு உருளையும், விடுதிக் கூரைக்கான தகரமுங்கூடக் கோவேறு கழுதையின்மீதோ, யாக்கின்மீதோ, மனிதனின் முதுகின்மீதோதான் பெரும்பாலும் ஏறி வரவேண்டும். ‘டோகோ’ என்ற கூடையை முதுகில் தாங்கி, அதன் பாரத்தை ‘நாம்லோ’ என்ற பட்டையால் நெற்றியில் ஏந்தி, இளைப்பாற நிற்கும்போது கூடைக்கடியில் முட்டுக் கொடுப்பதற்கென்று ஒரு கைத்தடியும் வைத்துக்கொண்டு ஏறும் சுமைக்காரர்களை அவ்வழியில் காணாத பொழுதில்லை. நாம்சேயின் வாரச் சந்தைக்கு ஏறியவர்களை நிறுத்துப் பார்த்த ஓர் ஆராய்ச்சி 2005-இல் ‘சயன்ஸ்’ சஞ்சிகையில் வெளியாயிற்று. ஆண்கள் சராசரியாகத் தங்கள் உடலெடையில் 93 சதவீதத்தையும், பெண்கள் 66 சதவீதத்தையும் சுமந்தார்கள் என்பது அதன் முடிவு. நாம்சேயில் ஒரு விலைக்கும் கோரக் ஷெப்பில் அதைவிடக் கூடுதலான விலைக்கும் விற்கும் தேநீரின் வித்தியாசத்தைப் பேரம் பேசிக் குறைக்க முயல்கிறவர், இந்த முதுகுகளின் கூலியைத்தான் பேரம் பேசுகிறார்.

எரிபொருளின் கணக்கும் அப்படிப்பட்டதே. 1976-இல் தேசியப் பூங்காவாக்கப்பட்ட அப்பிரதேசத்தில், மரத்தை வெட்டி அடுப்பெரிப்பது விடுதிகளுக்கு விலக்கப்பட்டது. ஆகையால் உயரத்தில், மாலை வேளையில் போஜன அறையின் நடுவே உள்ள ஒரே கணப்பில் யாக்கின் காய்ந்த சாணத்தை இட்டுக் கொளுத்தி, பல தேசத்தாரும் அதைச் சுற்றி உட்கார்ந்து குளிர் காய்ந்த பிறகு, பலகைச் சுவர்களும் கம்பளியுமே துணையான அறைகளுக்குப் படுக்கப் போகிறார்கள். அந்த வேளையில் ஒருவர் பீட்ஸாவும், அடுத்தவர் நூடுல்ஸும், மற்றொருவர் அப்பமும் கேட்டால் அடுப்பு தனித்தனியே எரிந்தாக வேண்டும். மொத்தமாகச் சமைத்துக் கேட்கக் கேட்கப் பரிமாறப்படும் பருப்பும் சோறும் காய்கறியும் ஊறுகாயும் வயிற்றுக்கு நிறைவு, எரிபொருளுக்குச் சிக்கனம். நம்மவருக்கு அதில் யாதொரு தியாகமும் இல்லை.

இந்த விடுதிகளின் மிகப் பெரிய உபகாரமோ விலைப்பட்டியலில் எழுதப்படாதது: நினைத்த இடத்தில் நின்றுவிடும் சுதந்திரம். 3,000 மீட்டருக்கு மேலே, இன்றிரவு படுக்கும் இடம் நேற்றிரவு படுத்த இடத்தைவிட ஏறக்குறைய 500 மீட்டருக்கு அதிகமாக உயரக்கூடாது, மூன்று நான்கு நாட்களுக்கு ஒருமுறை ஏறாமல் தங்க வேண்டும் என்பது வைத்தியர்கள் வகுத்த விதி. கோரக் ஷெப்பில் காற்றின் அழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் பாதிக்குச் சற்றுத்தான் மேல். அதற்குப் பழகாத உடலை அவசரப்படுத்தினால் தலைவலியில் தொடங்குவது நுரையீரலிலோ மூளையிலோ நீர் கோத்து உயிருக்கே அபாயமாகலாம். 1973 முதல் அவ்வழியிலுள்ள பெரிச்சேயில் இயங்கும் இமாலய மீட்புச் சங்கத்தின் சிகிச்சை நிலையத்தில் பிரயாணிகளுக்குப் பருவகாலத்தில் இதைத்தான் எடுத்துச் சொல்லுகிறார்கள். வழியெங்கும் சில மணி நேரத்துக்கு ஒரு விடுதி இருக்கையில், தலை வலித்தால் தங்கிவிடவும், தணியாவிட்டால் இறங்கிவிடவும் யாருடைய அனுமதியும் வேண்டியதில்லை. ஆனால் நாட்களை எண்ணி, திரும்பும் விமானத்துக்கும் சீட்டெடுத்துக்கொண்டு வருகிறவர்கள் இந்தச் சுதந்திரத்தை ஊரிலேயே விற்றுவிட்டு, தேநீரில் சில ரூபாய் மிச்சம் பிடிக்கப் பார்க்கிறார்கள்.

ஆகவே போக விரும்பும் வாசகர்களுக்கு என் விண்ணப்பம் இவ்வளவுதான். கைவசம் நாலைந்து நாட்கள் உபரியாக வைத்துக்கொள்ளுங்கள். படுக்கும் இடத்திலேயே, அவ்வூரார் உண்பதையே உண்ணுங்கள். சுமைக்காரர் ஒருவரை அமர்த்தினால், அவருக்குக் காலணியும், கம்பளி உடையும், இரவில் படுக்க இடமும், காப்புறுதியும் இருக்கின்றனவா என்று முதலில் கேட்டுவிட்டுப் பிறகு கூலியைப் பேசுங்கள். பேசிய கூலியைக் குறைக்காமல் கொடுங்கள்.