வெளிநாட்டுத் தலைவர் மும்பை வந்தால் சாலையை அடைப்பது யார்? எந்தச் சட்டப்படி?

2025 அக்டோபர் 9. பிகேசி-யின் ஜியோ வேர்ல்ட் சென்டரில் பிரிட்டன் பிரதமர் கியர் ஸ்டார்மரும் பிரதமர் மோடியும். மித்தி ஆற்றைத் தாண்டினால் தாராவி. மாட்டுங்கா, செம்பூரில் இருந்து வேலைக்குப் போகிறவர்களுக்கும் அதே பக்கம்தான் ஆபீஸ். இப்படியொரு நாளில் உங்கள் வழியை மறிக்கும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது?

யார் பாதுகாக்கிறார்கள்?

தலைவரை ஒட்டி நிற்பது அவருடைய சொந்த நாட்டுக் குழு. ஆனால் அவர்களுக்கு இங்கே போலீஸ் அதிகாரம் கிடையாது. எஸ்பிஜி நம் பிரதமருக்கானது, விருந்தினருக்கு அல்ல. மத்திய உள்துறை வழிகாட்டும், உளவுத் தகவல் தரும். ஆனால் அரசமைப்புச் சட்டத்தில் போலீஸ் துறை மாநிலப் பட்டியலில் இருக்கிறது. அதனால் சாலை, கட்டடம், கூட்டம் எல்லாம் மும்பை போலீஸின் தலையில்தான்.

இவ்வளவு கெடுபிடி தேவையா?

1987 ஜூலை 30 அன்று கொழும்பில் ராஜீவ் காந்தியைத் துப்பாக்கிக் கட்டையால் தாக்கியவர், அணிவகுப்பு மரியாதைக்கு நின்ற இலங்கைக் கடற்படை வீரர். விருந்தினருக்கு ஏதாவது நடந்தால், பதில் சொல்ல வேண்டியது அழைத்த நாடு. 1973-ம் ஆண்டு ஐ.நா. உடன்படிக்கை ஒன்றும் இந்தக் கடமையைச் சொல்கிறது. இந்தியா அதில் 1978-ல் இணைந்தது.

அதனால்தான் 2010-ல் ஒபாமா வருவதற்கு முன், மும்பை மணிபவன் பக்கத்துத் தென்னை மரங்களில் இருந்த தேங்காய்களைக்கூடப் பறித்துவிட்டார்கள்.

எந்தச் சட்டம்?

போக்குவரத்தைத் திருப்பிவிட மோட்டார் வாகனச் சட்டத்தின் 115-வது பிரிவு இருக்கிறது. தடை ஒரு மாதத்துக்கு மேல் போகாது என்றால் அரசிதழில் வெளியிடத் தேவையில்லை. ஆனால் முடிந்த அளவு உள்ளூரில் அறிவிக்க வேண்டும்.

டிரோன், கூட்டம் கூடுவது போன்றவற்றுக்குப் பழைய 144. 2024 ஜூலை முதல் அது பிஎன்எஸ்எஸ் சட்டத்தின் 163-வது பிரிவு. பொதுவாக 2 மாதம் வரை செல்லும். மீறினால் பிஎன்எஸ் 223-ன்படி வழக்கு வரும்.

எல்லை எது?

2020 ஜனவரியில் அனுராதா பாசின் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது: 144 உத்தரவை வெளியிட வேண்டும், காரணத்தைச் சொல்ல வேண்டும், கட்டுப்பாடு ஆபத்தின் அளவுக்கு ஏற்றதாக இருக்க வேண்டும்.

நடைமுறையில் இந்தக் கோடு அடிக்கடி மங்கிப் போகிறது. 2019 அக்டோபரில் ஷி ஜின்பிங் மாமல்லபுரம் வந்தபோது, சென்னைப் பகுதியில் திபெத்தியர்கள் முன்கூட்டியே கைது செய்யப்பட்டார்கள். தலைவரின் உயிரைக் காப்பது ஒன்று, அவர் கண்ணில் எதிர்ப்பு படாமல் காப்பது இன்னொன்று. முதலாவதுக்கு மட்டும்தான் 'பாதுகாப்பு' என்ற காரணம் பொருந்தும்.

யாருக்கு இழப்பு?

பிகேசி-யில் வேலை செய்பவர் அன்றைக்கு வீட்டிலிருந்தே லாக்-இன் செய்துவிடலாம். தாராவியில் விடியற்காலையில் இட்லி வேகவைத்து நகரமெங்கும் கொண்டுபோய் விற்கும் நம்மவர்களுக்கு அந்த வசதி இல்லை. எந்தத் தெரு, எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை என்று முந்தின நாளே தெரிந்தால், அவர்கள் வேறு பக்கம் போவார்கள், மாவைக் குறைத்து அரைப்பார்கள். கான்வாய் போகும் நிமிடம் ரகசியமாக இருக்கட்டும். சாலை மூடும் நேரம் ரகசியமாக இருக்க வேண்டியதில்லை. மராத்தியிலும் ஆங்கிலத்திலும் வரும் அந்த அறிவிப்பு, தாராவியில் தமிழிலும் ஒட்டப்பட்டால் பாதுகாப்புக்கு ஒரு குறையும் வராது.