ஒரு பொட்டலம்; தண்ணீர் எவ்வளவு?

குழந்தைக்கு வயிற்றுப்போக்கு. டாக்டர் "ஓ.ஆர்.எஸ்." பொட்டலம் ஒன்று எழுதிக் கொடுக்கிறார். "தண்ணீரில் கலந்து கொடம்மா" என்கிறார். அதற்குள் அடுத்த நோயாளி வந்துவிடுகிறார்.

தாய் வீட்டுக்கு வருகிறாள். ஒரு டம்ளர் தண்ணீர் எடுக்கிறாள். பொட்டலம் முழுவதையும் அதில் கொட்டிக் கலக்குகிறாள். "மருந்துதானே! கெட்டியாக இருந்தால் சீக்கிரம் கேட்கும்" என்பது அவள் எண்ணம்.

அவள் மீது குற்றம் இல்லை. எவ்வளவு தண்ணீர் என்று யாரும் அவளிடம் சொல்லவில்லை. ஆனால், ஆபத்து அந்த டம்ளரில்தான் இருக்கிறது!

மருந்தா, கடல் நீரா?

பெரிய பொட்டலத்தில் இருப்பது 20½ கிராம் தூள். அதில் குளுக்கோஸ் 13½ கிராம். சாதாரண உப்பு 2.6 கிராம். மீதி வேறு இரண்டு உப்புகள். 2002-ம் ஆண்டில் உலக சுகாதார நிறுவனம் ஏற்றுக்கொண்ட அளவு இது. இவ்வளவும் 1 லிட்டர் தண்ணீருக்கு.

வீட்டு டம்ளர் 200 மில்லி பிடிக்கும் என்று வைத்துக் கொள்வோம். 1 லிட்டர் என்றால் 5 டம்ளர். 5 டம்ளரில் கரைய வேண்டிய தூள் ஒரே டம்ளரில் கரைந்துவிட்டது. ஆகவே கரிப்பு 5 மடங்கு. கடல் நீரில் இருக்கும் சோடியத்தில் ஐந்தில் நான்கு பங்கு அந்த டம்ளரில் வந்துவிடுகிறது! அதைக் குடித்தால் உடம்பில் தண்ணீர் சேராது. இருக்கிற தண்ணீரையும் உப்பு இழுத்துவிடும். குழந்தைக்கு வலிப்புகூட வரலாம்.

குழந்தை இன்னும் குடிக்கவில்லையா? கவலை இல்லை. மேலும் 4 டம்ளர் தண்ணீர் சேர்த்தால் சரியாகிவிடும். பாதி டம்ளரைக் குடித்துவிட்டதா? உடனே டாக்டரிடம் தூக்கிச் செல்ல வேண்டும். மிச்சம் இருப்பது பாதித் தூள். அதற்கு அரை லிட்டர்தான் கணக்கு. அதில் 2 டம்ளர் தண்ணீர் சேர்த்தால் போதும், நான்கு அல்ல.

சரியாகக் கலந்தால் இதே தூள் அமுதம். 1971-ல் வங்காளதேசப் போர். எல்லை ஊரான பங்கானில் அகதிகள் குவிந்தார்கள். காலரா பரவியது. நரம்பில் ஏற்றும் மருந்து நீர் தீர்ந்துகொண்டே வந்தது. டாக்டர் திலீப் மகலனாபிஸ் உப்பு, சமையல் சோடா, குளுக்கோஸ் மூன்றையும் அளந்து, தண்ணீரில் கரைத்து, வாய்வழியே கொடுக்கச் செய்தார். ஏராளமானவர்கள் பிழைத்தார்கள். அவர் செய்ததில் மருந்து பாதி, அளவு பாதி.

பாட்டி போட்ட கணக்கு

இன்னொரு வீடு. அம்மா ஒரு பொட்டலத்தை அரை லிட்டரில் கலந்துவிட்டாள். கரிப்பு இரு மடங்கு. பாட்டி இன்னொரு பொட்டலத்தை 2 லிட்டரில் கலந்துவிட்டாள். கரிப்பு பாதி. "ஒன்று கூட, ஒன்று குறைய, இரண்டையும் சேர்த்துவிடு, சரியாகிவிடும்" என்கிறாள் பாட்டி.

சரியாகுமா? இரண்டையும் கூட்டிப் பாதியாக்கினால் ஒன்றேகால் மடங்கு என்று வரும். பள்ளிக்கூடப் பையன்களும் இப்படித்தான் போடுவார்கள். தவறு! தூளைத் தனியாக எண்ண வேண்டும். தண்ணீரைத் தனியாக எண்ண வேண்டும். பொட்டலம் 2. தண்ணீர் 2½ லிட்டர். 2½ லிட்டருக்கு 2½ பொட்டலம் வேண்டும். அரைப் பொட்டலம் குறைகிறது. கரிப்பு கூடவில்லை, ஐந்தில் நான்கு பங்காகக் குறைந்துவிட்டது! பாட்டியின் தண்ணீர் அதிகம் என்பதால் அவள் கை ஓங்கிவிட்டது.

பள்ளிப் புத்தகத்தில் இந்தக் கணக்கு இல்லாமல் இல்லை. "20 சதவீத அமிலத்தையும் 50 சதவீத அமிலத்தையும் கலந்தால்..." என்று கேட்கிறார்கள். யார் வீட்டில் அமிலம் கலக்கிறார்கள்? எக்ஸ், ஒய் என்று எழுதி மார்க் வாங்கிவிட்டு மாணவன் மறந்துவிடுகிறான். ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தை வைத்துச் சொல்லிக் கொடுத்தால், அன்று மாலையே அம்மாவிடம் சொல்லமாட்டானா?

மருந்துக் கம்பெனிகளுக்கும் பொறுப்பு உண்டு. 1 லிட்டருக்குப் பெரிய பொட்டலம், 200 மில்லிக்குச் சிறிய பொட்டலம் என்று இரண்டும் கடையில் கிடைக்கின்றன. அளவு எங்கோ மூலையில், எறும்பு எழுத்தில் இருந்தால் யாருக்குத் தெரியும்? பொட்டலத்தின் நடுவில், தமிழில், கொட்டை எழுத்தில் போட வேண்டும். படிக்கத் தெரியாதவர்களுக்கு 5 டம்ளர் படம் போடலாம். இந்த அளவுக்கு ஒத்துவராத இனிப்புப் பானங்கள் "ஓ.ஆர்.எஸ்." என்று பெயர் போட்டு விற்கக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2025 அக்டோபரில் தடுத்தது. நல்ல காரியம். பெயரைக் காப்பாற்றியது போல அளவையும் காப்பாற்ற வேண்டும்.

அதுவரை வீட்டிலேயே ஒரு வழி உண்டு. அரை லிட்டர் பால் பாக்கெட் இரண்டை ஒரு பாத்திரத்தில் ஊற்றுங்கள். பால் எட்டும் இடத்தில் ஆணியால் ஒரு கோடு கீறுங்கள். அதுதான் 1 லிட்டர். பாத்திரத்தை நன்றாகக் கழுவி, கோடு வரை காய்ச்சி ஆறிய தண்ணீரை ஊற்றி, பெரிய பொட்டலம் ஒன்றைக் கொட்டிக் கலக்குங்கள். மூடி வைத்து, சிறிது சிறிதாகக் கொடுங்கள். 24 மணி நேரத்துக்குப் பிறகு மிச்சம் இருந்தால் கீழே கொட்டிவிட்டு, புதிதாகக் கலக்க வேண்டும்.