கடனுக்கு எதற்கு மாமாவின் இலக்கம்?

இலங்கையின் பன்விலவில் இருந்தபடி இணையத்தில் சிறு கடன் கேட்பவரிடம் அடையாள அட்டையின் இரு பக்கமும் கேட்கிறார்கள். சில செயலிகள் தொலைபேசியிலுள்ள உறவினர் இலக்கங்களையும் அள்ளிக்கொள்கின்றன. கடனுக்கும் மாமாவின் இலக்கத்துக்கும் என்ன சம்பந்தம்? சொன்ன நோக்கத்துக்குத் தேவையானதையே திரட்டலாம் என்கிறது 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம். மீறினால் தண்டப்பணம் ஒரு கோடி ரூபாய் வரை போகலாம். ஆனால் அச்சட்டத்தில் 2025 மார்ச் 18இல் நடைமுறைக்கு வரவிருந்த முக்கிய பிரிவுகள் ஒத்திவைக்கப்பட்டன. மூன்று ஆண்டு அவகாசம் போதாதா? சட்டம் சிறு வியாபாரிக்குச் சுமை என்பதில் நியாயம் உண்டு. ஆனால் வேண்டாததைக் கேட்காமல் இருக்கக் காசு செலவாகாது. வாடிக்கையாளர் சம்மதித்தார்தானே என்பார்கள். ஆங்கிலத்தில் நீளும் நிபந்தனைகளுக்குக் கீழே தோட்டத்துப் பிள்ளை அழுத்தும் பொத்தானைச் சம்மதம் என்பது அநியாயம். தரவுப் பாதுகாப்பு அதிகார சபை தன் வேலையை இணையக் கடன் நிறுவனங்களிலிருந்தே தொடங்கட்டும்.