கார்கஸ் என்றால் எது? முதலில் அதை முடிவு செய்வோம்

சென்ற மாதம் ஒரு பன்றிப் பண்ணையாளர் இரண்டு எடைச் சீட்டுகளைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். ஒரே சமயத்தில் பிறந்த குட்டிகள், ஒரே தீவனம், ஏறக்குறைய 100 கிலோ உயிர் எடை. பாதியை ஒரு வியாபாரிக்கும் மீதியை இன்னொருவருக்கும் கொடுத்திருக்கிறார். ஒரு சீட்டில் சராசரி கார்கஸ் எடை 76 கிலோ, மற்றதில் 68. “எட்டு கிலோ எங்க சார் போச்சு?” என்று கேட்டார்.

விசாரித்துப் பார்த்தால் யாரும் தராசில் கைவைக்கவில்லை. முதல் இடத்தில் தலையோடு, வயிற்றறைக் கொழுப்போடு, வெட்டிய சூட்டிலேயே எடை போட்டிருக்கிறார்கள். இரண்டாவது இடத்தில் தலையை எடுத்து, கொழுப்பையும் உருவி, இரவு முழுக்கக் குளிர் அறையில் தொங்கவிட்டுக் காலையில் எடை போட்டிருக்கிறார்கள். இரண்டு பேரும் எழுதிய சொல் ஒன்றுதான்: கார்கஸ். அவர்கள் கணக்கிட்ட பொருள்தான் வேறு.

பன்றிக் கார்கஸுக்குப் பொதுவான தரப் பிரிவு வேண்டும் என்ற பேச்சு நம் துறையில் எழும்போதெல்லாம் உடனே கருவியைப் பற்றித்தான் கேட்கிறோம். எந்த மீட்டர் வாங்குவது, அல்ட்ராசவுண்டா, குத்திப் பார்க்கும் புரோபா? அந்தக் கேள்வி பிறகு வரவேண்டியது என்பதற்கு ஐரோப்பா நல்ல சாட்சி.

அங்கே 1984-இல் வந்த ஐரோப்பியச் சமூகத்தின் ஒழுங்குவிதி பன்றிக் கார்கஸை சதை விழுக்காட்டை வைத்துப் பிரித்தது. 55-க்கு மேல் ‘இ’, 50 முதல் ‘யு’, 45 முதல் ‘ஆர்’, 40 முதல் ‘ஓ’, அதற்கும் கீழே ‘பி’. விரும்பும் நாடுகள் 60-க்கு மேற்பட்டதை ‘எஸ்’ என்று தனியாகப் பிரித்துக்கொள்ளலாம். நம் பாடப்புத்தகங்கள் இந்த எழுத்துகளோடு நின்றுவிடுகின்றன. ஆனால் அந்த விதியின் உயிர் எழுத்துகளில் இல்லை. எதை எடை போடுவது என்று சொன்ன இடத்தில் இருக்கிறது. பின்னால் திருத்திய வடிவில் அது: நாக்கு, மயிர், குளம்பு, இனப்பெருக்க உறுப்புகள், வயிற்றறைக் கொழுப்பு, சிறுநீரகம், உதரவிதானம் ஆகியவை நீக்கிய உடல். தலை இருக்கும், காலும் இருக்கும். கழுத்தில் குத்தி ரத்தம் வடித்த 45 நிமிடத்துக்குள் சூட்டு எடை எடுக்க வேண்டும். அதில் 2 விழுக்காடு கழித்தால் குளிர்ந்த எடை. 80 கிலோ சூட்டில் இருந்தால் கணக்கில் 78.4. நம் பண்ணையாளரின் எட்டு கிலோ இந்த மூன்று வரிகளில் தீர்ந்துபோகிறது.

உள்ளூர் வழக்கம் வேறாக இருந்த நாடுகளையும் அவர்கள் ஒதுக்கவில்லை. பிரிட்டனில் நாக்கையும் சிறுநீரகத்தையும் வயிற்றறைக் கொழுப்பையும் விட்டுவைத்தே எடை போடுவது பழக்கம். ‘அப்படியே வையுங்கள், ஆனால் பொது அளவுக்கு மாற்றிச் சொல்லுங்கள்’ என்பதுதான் ஏற்பாடாக இருந்தது. அதனால் அங்கே விலை இரண்டு அளவிலும் வெளியாயிற்று.

அடுத்தது கத்தி. சதை விழுக்காட்டை எந்தக் கருவியும் நேரடியாக அளப்பதில்லை, மதிப்பிடுகிறது. மதிப்பீடு சரியா என்று பார்க்க ஒரு நிலையான ஒப்பீடு வேண்டும். அது மேசைமேல் கிடத்திய இடது பாதி உடல். முன்சப்பை, நடுமுதுகு, பின்தொடை, வயிற்றுப் பகுதி என்று வெட்டி, தோல் ஒரு தட்டில், தோலடிக் கொழுப்பு ஒரு தட்டில், தசைகளுக்கு நடுவே ஓடும் கொழுப்பு ஒரு தட்டில், எலும்பு ஒரு தட்டில், சதை ஒரு தட்டில் என்று கத்தியால் சுரண்டிப் பிரித்து எடை போடுகிறார்கள். கை குளிரில் விறைக்கும், பொறுமையைச் சோதிக்கும் வேலை. ஒரு நாடு தன் சூத்திரத்துக்கு ஒப்புதல் பெறக் குறைந்தது 120 கார்கஸ்களில் இதைச் செய்து, கணிப்புப் பிழை 2.5-க்குக் கீழே நிற்கிறது என்று காட்ட வேண்டும். ஒரே கருவியை இரண்டு நாடுகள் வாங்கினாலும் சூத்திரம் தனித்தனி, ஏனென்றால் பன்றிகள் தனித்தனி. டென்மார்க் பன்றிக்கு எழுதிய சமன்பாட்டை நம் யார்க்ஷயர் கலப்பினத்தின் மேல் போடுவது, ஒருவர் அளவுக்குத் தைத்த சட்டையை இன்னொருவருக்கு மாட்டிவிட்டுத் தையல் சரியில்லை என்பதற்குச் சமம்.

அந்த 2.5 என்ற பிழையைக் கவனியுங்கள். வகுப்பின் அகலமே 5 விழுக்காடு. 55.3 என்று கருவி காட்டிய பன்றி உண்மையில் ‘யு’வாக இருக்கலாம். ஆகவே எழுத்துக்கு ஒரு விலை என்று வைத்தால் எல்லைக்கோட்டில் நிற்கும் பன்றிக்கு அநியாயம் நடக்கும். விழுக்காட்டுக்கு விழுக்காடு விலை ஏறி இறங்குவதே நேர்மை என்பது என் கருத்து.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். சதைக்கு மட்டுமே காசு கொடுத்ததன் விலையை ஐரோப்பா கொடுத்தது. சதை மிகுந்த பியட்ரைன் போன்ற இனங்களோடு ஹாலோத்தேன் மரபணுவும் பரவியது. வண்டியிலேயே செத்து விழும் பன்றிகளும், வெளிறித் தளர்ந்து நீர் வடியும் கறியும் வந்தன. அந்த மரபணு மாற்றம் எது என்று 1991-இல் கண்டறிந்த பிறகுதான் அதைத் துல்லியமாகச் சோதித்து விலக்க முடிந்தது. தரம் என்று எதற்குப் பெயர் வைக்கிறோமோ அதை நோக்கியே பண்ணை வளரும். கொழுப்பும் தோலும் சேர்ந்த கறியை விரும்பி வாங்கும் வடகிழக்கு மாநிலத்து வாடிக்கையாளருக்கு ‘எஸ்’ வகுப்புப் பன்றி உயர்ந்ததாகாது. அந்தச் சந்தையையும் கேட்டுத்தான் நம் அட்டவணை அமைய வேண்டும்.

செலவைப் பற்றிய அச்சம் எனக்குப் புரிகிறது. 2017-இல் வந்த ஐரோப்பிய விதி, வாரத்துக்குச் சராசரி 500 பன்றிக்குக் குறைவாக வெட்டும் கூடங்களைக் கட்டாயத்திலிருந்து விட்டுவிடுகிறது. நம் கூடங்களில் எத்தனை அந்த எண்ணிக்கையைத் தொடும்? ஜெர்மனியில் சிறிய கூடங்களுக்கென்றே ஓர் எளிய முறை உண்டு, இரண்டு புள்ளி முறை. பிளந்த உடலின் வெட்டுமுகத்தில், பின்பக்கம் இருக்கும் குளூட்டியஸ் மீடியஸ் தசையின் மேல் கொழுப்பு எங்கே மிக மெல்லியதாக இருக்கிறதோ அங்கே ஓர் அளவு. அந்தத் தசையின் முன்நுனியிலிருந்து முதுகெலும்புக் குழாயின் மேல் விளிம்பு வரை இன்னோர் அளவு. கையில் தேவைப்படுவது ஓர் அளவுகோல்.

கால்நடை மருத்துவர்களுக்கும் வெட்டுக்கூடப் பொறுப்பாளர்களுக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை பன்றி வெட்டும் நாளிலிருந்து ஒவ்வொரு கார்கஸுக்கும் நான்கு விவரங்களை எழுதி வையுங்கள்: சூட்டு எடை; அதை எடுத்த நேரம்; தலை, தோல், வயிற்றறைக் கொழுப்பு ஆகியவற்றில் எது இருந்தது எது நீங்கியது; மேலே சொன்ன இரண்டு அளவுகள் மில்லிமீட்டரில். பண்ணையாளரின் சீட்டிலும் அவற்றைக் குறித்துக் கொடுங்கள். ஓர் ஆண்டுப் பதிவு சேர்ந்தால் எங்களுக்கு அனுப்புங்கள்; வந்தவற்றை ஒரே வடிவத்துக்கு மாற்றி இவ்விதழில் வெளியிடுகிறோம்.