“எதற்காக?” என்று கேட்பவரை வாயடைக்க வேண்டாம்

பெரம்பலூர் மாவட்டத்தின் லப்பைக்குடிக்காடு, வி.களத்தூர் போன்ற நம் ஊர்களில் வளைகுடா விசா ஏறக்குறைய குடும்பச் சொத்து. அத்தா இருபத்தைந்து ஆண்டுகள் உழைத்துத் திரும்புகிறார், மகன் புறப்படுகிறான். வீடு எழும்புகிறது, குமர்க் காரியங்கள் நிறைவேறுகின்றன. எளிய சாதனைகள் அல்ல இவை. ஆயினும் திரும்பி வந்தவர் அஸருக்குப் பின் பள்ளிவாசலில் அமர்ந்து, “இவ்வளவும் எதற்காக?” என்று முணுமுணுத்தால், “ஷைத்தானின் வஸ்வாஸ், இரண்டு ரக்அத் தொழுங்கள்” என்கிறோம். தொழுகை நல்லதே. அவர் கேட்டதற்கு மட்டும் விடை கிடைக்கவில்லை.

இக்கேள்வியை ஈமானின் குறைபாடென்று கருதுவோர் இமாம் கஸ்ஸாலியை எங்கே வைப்பர்? கி.பி. 1095இல் அவர் பக்தாதின் நிஜாமிய்யாவில் புகழின் உச்சியில் இருந்தார். தாம் கற்பிப்பது அல்லாஹ்வுக்காகவா, பெயருக்காகவா என்னும் ஐயம் அவரைப் பற்றிக்கொண்டது. பாடம் நடத்த நா எழவில்லை, உணவு இறங்கவில்லை, மருத்துவர்கள் கைவிரித்தனர். பிள்ளைகளின் பிழைப்புக்கு வேண்டியதை ஒதுக்கிவிட்டு, பதவியைத் துறந்து திமஷ்குக்குச் சென்றார். நீஷாப்பூரில் அவர் மீண்டும் கற்பிக்கத் தொடங்கியது ஏறத்தாழ பதினோராண்டுகளுக்குப் பின்னரே. இவற்றை மறைக்காமல் ‘அல்முன்கித்’ நூலில் தாமே எழுதியும் வைத்தார்.

இருபதாம் நூற்றாண்டில் ஐரோப்பிய இருத்தலியலாளரும் இக்கேள்வியின் முன் நின்றனர். அன்றாட ஓட்டத்தின் நடுவே ஒருநாள் திடீரென ‘ஏன்’ எழுவதை ஆல்பர் காம்யு 1942இல் எழுதினார். கேம்ப், கம்பெனி பஸ், டூட்டி, உறக்கம் என வாழ்ந்த நம்மவருக்கு அதை எவரும் விளக்க வேண்டியதில்லை. மனிதனுக்கு முன்வகுத்த நோக்கமே இல்லை, தன் தேர்வுகளால்தான் அவன் தன்னை ஆக்கிக்கொள்கிறான் என்றார் சார்த்தர். இதை நாம் ஏற்க இயலாது. படைத்தவன் வீணாகப் படைக்கவில்லை என்பது நம் அகீதா. எனினும் ஒருவனுக்காக மற்றொருவர் தேர்ந்தெடுக்க முடியாது என்று அவர்கள் வற்புறுத்தியது நம்மை உறுத்த வேண்டும். பருவமடைந்த மகனின் தொழுகைக்கு அத்தா நிய்யத் வைக்க முடியுமா? விசாவுக்கு மட்டும் வைத்துவிடுகிறோம், அதுவும் பிளஸ் டூ முடியுமுன்பே!

நம் சாத்தனூரில் 12 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்ட மரம் ஒன்று 18 மீட்டர் நீளத்துக்குக் கல்லாகிக் கிடக்கிறது. அரியலூர்ச் சுண்ணாம்புப் பாறை பழங்கடலின் எச்சம். அதை அரைத்த சிமெண்ட்டில்தான் வளைகுடாப் பணம் வீடாகிறது. அத்தனை காலத்தின் முன் மனிதனின் அறுபது ஆண்டுகள் எம்மாத்திரம் என்று சோர்வோர் உண்டு. நமக்கோ அந்த அறுபதும் கணக்குக் கேட்கப்படும் அமானத். “அத்தா சொன்னார், போனேன்” என்பது அங்கே எடுபடுமா?

ஆகவே பாஸ்போர்ட்டுக்கு எழுதிக்கொடுக்குமுன் மகனை ஒரு மாலை உட்காரவைத்து, அவன் விரும்புவதென்ன என்று கேட்போம். தங்கையின் நிக்காஹ்வுக்காகவோ, வீட்டுக் கடனுக்காகவோ போகிறேன் என்றே அவன் சொல்லலாம். அப்போது அது அவனுடைய சஃபர். பள்ளிவாசலில் தனித்திருக்கும் அந்தப் பெரியவரின் அருகிலும் சற்று அமர்வோம். பேசி முடிக்க அவருக்கு மஃரிப் வரை நேரமிருக்கிறது.