கருவின் 'மௌன அலறல்': ஆதாரம் எங்கே?



கோட்டைமேட்டிலோ உக்கடத்திலோ கடையைச் சாத்திவிட்டு கைபேசியைத் திறக்கிறீர்கள். '12 வாரக் கரு வலியால் அலறுகிறது' என்று ஒரு படம். மனம் பதறுகிறது. உடனே பத்துப் பேருக்கு அனுப்புகிறீர்கள். அனுப்பும் முன் விசாரித்தீர்களா?

இந்தப் பேச்சைப் பரப்பியது 1984ல் அமெரிக்காவில் வெளியான 'மௌன அலறல்' என்ற படம். டாக்டர் பெர்னார்ட் நாதன்சன் ஸ்கேன் காட்சியைக் காட்டி, கரு கதறுகிறது என்றார். அதிபர் ரீகன் பாராட்டினார். 2010ல் நெப்ராஸ்கா மாநிலம் கருவின் வலியைக் காரணம் காட்டிச் சட்டமே போட்டது.

மருத்துவம் என்ன சொல்கிறது? காற்றே இல்லாத நுரையீரலிலிருந்து அலறல் எப்படி வரும்? கரு அசைவது உண்மை. ஆனால் தோசைக்கல்லில் விரல் பட்டால், வலி தெரியும் முன்பே கை பின்வாங்குகிறதே! அசைவு வேறு, வலி வேறு. வலியை உணர மூளையின் மேற்பகுதிக்கு நரம்பு இணைப்பு வேண்டும். 24 வாரத்துக்கு முன் அது முழுமையாவதில்லை என்று பிரிட்டனின் மகப்பேறு மருத்துவர் கழகம் 2010ல் அறிவித்தது. 2022ல் மறுபடி ஆராய்ந்து, 28 வாரத்துக்கு முன் வலி உணர வாய்ப்புக் குறைவு என்றது. 12 வாரத்திலிருந்தே வலி இருக்கலாம், மறுக்க முடியாது என்று 2020ல் இரு ஆய்வாளர்கள் எழுதினர். 'மறுக்க முடியாது' என்பதும் 'நிரூபணமானது' என்பதும் ஒன்றா? சிந்தியுங்கள்!

'இந்தியாவில் எந்த மாதத்திலும் கலைக்கலாம்' என்பதும் பொய். 1971 சட்டமும் 2021 திருத்தமும் வரம்பு வைத்துள்ளன. 20 வாரம் வரை ஒரு மருத்துவர் கருத்து, குறிப்பிட்ட பெண்களுக்கு 24 வாரம் வரை இரு மருத்துவர் கருத்து வேண்டும். அதற்கு மேல், தாயின் உயிருக்கு ஆபத்து அல்லது மருத்துவக் குழு உறுதி செய்யும் கடுமையான குறைபாடு இருந்தால் மட்டுமே. 26 வாரம் தாண்டிய ஒரு பெண்ணின் மனுவை 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் நிராகரித்ததே!

கருக்கலைப்பு கூடுமா கூடாதா என்பது வேறு கேள்வி. 120 நாள் பற்றிய சட்டத்தை ஆலிம்களிடம் கேளுங்கள். மார்க்கத்தின் தீர்ப்புக்குப் பொய்ப் படம் முட்டுக்கொடுக்கத் தேவையில்லை. படத்தைப் பார்த்துப் பயந்த பெண் அரசு மருத்துவமனைக்குப் போகத் தயங்குவாள். நாள் தள்ளும். கடைசியில் போலி வைத்தியரிடம் போய் உயிரை விடுவாள். அந்தப் பாவம் யாரைச் சேரும்?

கருவுக்காகக் கவலைப்படுகிறீர்களா? நம் பக்கத்துச் சேலத்தில் 1992ல் தொட்டில் குழந்தைத் திட்டம் ஏன் வந்தது? பெண் சிசுக்களைக் கொன்றதால்தானே! ஸ்கேனில் பெண்ணா என்று கேட்பதே 1994 சட்டப்படி குற்றம். நிரூபணமான அந்தக் கொடுமையைப் பேசுங்கள்!

'முஸ்லிம்கள் பெற்றுத் தள்ளுகிறார்கள்' என்று மேடையில் முழங்கியபோது நாம் கணக்குக் கேட்டோம். 1992-93ல் முஸ்லிம் பெண்ணுக்குச் சராசரி 4.4 குழந்தை, 2019-21ல் 2.4 என்று அரசின் தேசியக் குடும்ப நல ஆய்வே பதில் தந்தது. நம்மைப் பற்றிய பேச்சுக்கு ஆதாரம் கேட்ட நாம், நாம் பரப்பும் பேச்சுக்கும் ஆதாரம் கேட்க வேண்டாமா?

வியாபாரத்தில் எடைக்கல் ஒன்றுதான், சகோதரர்களே!